வாசகர் கேள்வி – பதில்: ஆளில்லா வேவு விமானமும் தரைப்படையும்

சென்ற இதழில் வேவு விமானங்களைப் பற்றி வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். போரைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த இளைஞர்களும், மலாயாவின் அவசரகாலத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்களும் அவர்களில் உண்டு. எல்லாம் ஒரே பொருளைத் தொட்ட கேள்விகள் என்பதால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் செம்பனைத் தோட்டங்களில் குத்தகை முறையில் மருந்து தெளிக்கும் டிரோன் ஓட்டுகிறேன். தரைப்படைக்கு உதவும் வேவு விமானமும் இதுவும் ஒன்றுதானா? படைவீரர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள்?
– டிரோன் இயக்குநர், சுங்கை சிப்புட்

பதில்: பறக்கும் முறையிலேயே இரண்டும் வேறு. உங்கள் டிரோன் விசிறிகளின் பலத்தால் அந்தரத்தில் நிற்கிறது. மருந்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதிலேயே மின்கலம் தீர்ந்துவிடுவதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இறக்கி மின்கலம் மாற்ற வேண்டியிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தரைப்படையினர் பயன்படுத்தும் வேவு விமானங்களில் பல இறக்கை உள்ளவை. முன்னோக்கிச் செல்லும் வேகத்தில் காற்றே அவற்றைத் தாங்கிக்கொள்வதால், அதே அளவு மின்சாரத்தில் பல மடங்கு நேரம் பறக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் நிற்க அவற்றால் முடியாது. பார்க்க வேண்டிய இடத்தைச் சுற்றி வட்டமிட்டபடியே இருக்க வேண்டும்.

அவற்றில் சிறிய வகையிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கப் படை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஆயிரக்கணக்கில் பயன்படுத்திய ரேவன் என்னும் விமானத்தின் எடை ஏறத்தாழ 1.9 கிலோ, இறக்கையின் நீளம் 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 10 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை பறக்கும். அதற்கு ஓடுபாதை எதுவும் வேண்டாம். மோட்டாரை ஓடவிட்டு, ஒரு வீரர் காற்றுக்கு எதிர்முகமாக நின்று, தலைக்கு மேல் தூக்கி வீசுகிறார், அவ்வளவுதான். இன்னொருவர் வெயில் படாதபடி மூடாக்குப் போட்ட திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு காட்சியைப் பார்க்கிறார். இறக்கும் விதம்தான் வேடிக்கையானது: மோட்டாரை நிறுத்தி, மூக்கை நிமிர்த்தி, விமானத்தைக் கிட்டத்தட்ட நேர்குத்தாகக் கீழே விழவிடுகிறார்கள். தரையில் மோதியதும் இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் எனத் தெறித்துக் கிடக்கும். பார்ப்பவருக்கு விமானம் பாழாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் மோதலின் வேகம் உடலைத் தாக்காமல் இப்படிக் கழன்று விழுவதிலேயே தீர்ந்துவிட வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். துண்டுகளைப் பொறுக்கி மாட்டி மறுபடியும் வீசலாம்.

இதற்கு அடுத்த படியில் ஷேடோ போன்றவை வருகின்றன. இவற்றைக் கையால் வீச முடியாது. சரிந்து நிற்கும் தண்டவாளத்தின் மேல் வைத்து விசையால் உந்திவிடுகிறார்கள். பெட்ரோலில் ஓடும் இயந்திரம் என்பதால் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம் போல இரையும். தாழப் பறந்தால் எதிரியின் காதுக்கு முதலில் தெரிந்துவிடும். அதற்கும் மேலே, ஒரு நாள் முழுவதும் வானத்தில் தங்கக்கூடிய பிரடேட்டர் போன்ற பெரிய விமானங்கள் இருக்கின்றன. ஆயுதமின்றி வேவு பார்ப்பதற்கென்றே 1994இல் முதன்முதலாகப் பறந்த பிரடேட்டருக்கு ஏவுகணை பின்னால்தான் பொருத்தப்பட்டது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். இவற்றில் தரைப்படை வீரனுக்கு எது அதிகம் உதவுகிறது என்று கேட்டால், பெரியதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய விமானம் தலைமையகத்தின் கையில் இருக்கிறது; அது எங்கே பறக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் எங்கோ அமர்ந்திருக்கிறார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு சிறு படைப்பிரிவின் தலைவர், அதைக் கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. முதுகுப்பையில் கொண்டுபோகும் விமானம் அவருடைய சொந்தக் கண். வழியில் பதுங்கியிருப்பவர்கள் யாரேனும் உண்டா, சாலையோரத்தில் புதிதாக மண் கிளறப்பட்டிருக்கிறதா, தம் மோர்ட்டார் குண்டு இலக்குக்கு எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதை அவர் அந்த நிமிடமே அறிந்துகொள்கிறார். காட்சி எவ்வளவு தெளிவானது என்பதைவிட, அது யார் கைக்கு, எத்தனை நிமிடத்தில் வந்து சேருகிறது என்பதே பெரிது. கீழே வரும் பதில்களிலும் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

கேள்வி: வானத்திலிருந்து வேவு பார்ப்பது புதிய ஏற்பாடா? ஆளில்லாமல் அனுப்பும் வழக்கம் எப்போது தொடங்கியது?
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: வானத்திலிருந்து பார்ப்பது பழைய செய்திதான், அம்மா. 1794ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த ஃபிளூரஸ் போரில் பிரெஞ்சுப் படையினர் கயிறு கட்டிய பலூனில் ஆளை ஏற்றி, எதிரிப் படையின் நகர்வைப் பார்த்துச் சொல்ல வைத்தார்கள். முதல் உலகப் போரில் அந்த வேலையை விமானங்கள் ஏற்றுக்கொண்டன. பிரிட்டிஷ் விமானத்தில் இருந்தவர் இலக்கைக் கடிகாரத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டு, குண்டு எந்த மணியின் திசையில், எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதை ஓர் எண்ணாலும் ஓர் எழுத்தாலும் மோர்ஸ் குறியீட்டில் தட்டி அனுப்புவார். கீழே பீரங்கிக்காரர் அதற்கேற்பத் திருத்திச் சுடுவார். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே கொண்ட அந்தச் செய்தி, சில நொடிகளில் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆளில்லா விமானங்கள் வந்தபோது இந்த வேகம் முதலில் பின்னுக்குத்தான் போயிற்று. 1964 முதல் 1975 வரை வியட்நாமிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அமெரிக்கர்கள் 3,400க்கும் மேற்பட்ட முறை ஆளில்லா ஜெட் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். பெரிய விமானம் ஒன்றின் இறக்கையடியிலிருந்து அவை ஏவப்படும். வேலை முடிந்ததும் பாராசூட்டில் இறங்கி வரும்போது ஹெலிகாப்டர் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். சாகசமான ஏற்பாடுதான்; ஆனால் படங்கள் ஃபிலிமில் இருந்தன. ஃபிலிமைக் கழுவி, ஆராய்ந்து, அறிக்கை எழுதி முடிப்பதற்குள் காட்டில் இருந்த எதிரி இடம் மாறியிருப்பான். தளபதிகளுக்கு அது பயன்பட்டது. சேற்றில் நடந்த வீரனுக்குப் பயன்படவில்லை.

இஸ்ரேலியர்கள் 1969இல் வேறு கோணத்தில் யோசித்தார்கள். சூயஸ் கால்வாய்க்கு அப்பால் எகிப்தியர் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, கடையில் கிடைக்கும் ரேடியோ பொம்மை விமானத்தில் கேமராவைக் கட்டி அனுப்பினார்கள். அதிலும் ஃபிலிம்தான், ஆனால் சின்ன விமானமே போதும் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. 1982 லெபனான் போருக்குள் அவர்களுடைய சிறு விமானங்கள் தொலைக்காட்சிக் காட்சியை நேரடியாகவே அனுப்பிக்கொண்டிருந்தன.

அமெரிக்கத் தரைப்படை அதே காலத்தில் அக்குயிலா என்ற திட்டத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. பீரங்கிக்கு இலக்கு காட்டும் எளிய சிறு விமானம் வேண்டும் என்றுதான் 1970களில் தொடங்கினார்கள். போகப் போக, லேசர் வேண்டும், இரவிலும் பார்க்க வேண்டும், எதிரி குறுக்கிட முடியாத தொடர்பு வேண்டும் என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 100 கோடி டாலர் அளவுக்குச் செலவான பின்னும், சோதனையில் 105 முறை பறந்ததில் 7 முறைதான் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியது, திட்டத்தைக் கைவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படையோ இஸ்ரேலிய வடிவமைப்பையொட்டிய பயனியர் விமானத்தை வாங்கி 1986 முதல் பயன்படுத்தியது. 1991 வளைகுடாப் போரில் போர்க்கப்பல்களின் 16 அங்குலப் பீரங்கிகளுக்கு இலக்கு காட்டியது அந்தப் பயனியர்தான். அந்தச் சிறு விமானம் தலைக்கு மேல் வந்தால் அடுத்து குண்டு வரும் என்பதை அனுபவத்தில் அறிந்துகொண்ட ஈராக்கியப் படையினர், குவைத்தின் ஃபைலாகா தீவில் அதைக் கண்டதும் வெள்ளைத் துணியை அசைத்துச் சரணடைந்தார்கள். ஆளில்லாத இயந்திரத்திடம் மனிதர்கள் சரணடைந்தது அதுவே முதல் முறை என்று பரவலாக எழுதப்படுகிறது.

கேள்வி: நான் சிறுவனாக இருந்தபோது, அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் மேலே ஒற்றை இயந்திரச் சிறு விமானம் ஒன்று மெதுவாக வட்டமிடும். அது வேவு விமானமா? இன்றைய ஆளில்லா விமானம் அன்றைக்கு இருந்திருந்தால் கம்யூனிஸ்டுகளை எளிதில் பிடித்திருப்பார்களா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆஸ்டர் விமானமாகத்தான் இருக்கும், ஐயா. 1948 ஜூன் 16ஆம் நாள் உங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு 1960 வரை நடந்த அந்தப் போரில், பிரிட்டிஷாரின் 656ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு இந்த இலகு விமானங்களைக் கொண்டு காட்டின் மேல் வேவு பார்த்தது. விமானிகளில் பலர் பீரங்கிப் படையிலிருந்து வந்த தரைப்படை அதிகாரிகள். நாள்தோறும் ஒரே வட்டாரத்தின் மேல் பறந்து பறந்து, நேற்று இல்லாத ஒற்றையடிப் பாதை இன்று தெரிகிறதா என்று சொல்லும் அளவுக்கு அந்தக் காட்டை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

அவர்கள் தேடியது ஆளை அல்ல, காய்கறிப் பாத்தியை. 1950இல் தொடங்கிய, பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸின் திட்டத்தின்படி காட்டோரத்துச் சீனக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன; தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் முள்வேலிக்குள் வந்தன; அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. ஊருக்குள்ளிருந்து உணவு வருவது நின்றதும், காட்டுக்குள் இருந்தவர்கள் மரத்தை வெட்டித் தாங்களே பயிரிட வேண்டியதாயிற்று. அப்படி வெட்டிய இடம் மேலிருந்து பார்ப்பவருக்கு எடுப்பாகத் தெரிந்தது. விமானம் வட்டமிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம். அடர்ந்த காட்டில் வழி தெரியாமல் போன ரோந்துப் படையினர் புகை எழுப்பினால், அவர்கள் நிற்கும் இடம் வரைபடத்தில் எது என்பதை ஆஸ்டர் விமானி வானொலியில் சொல்வதுண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: எளிதாக இருந்திருக்காது. வெப்பக் கேமரா உடம்பின் சூட்டைக் காட்டும் என்பது உண்மையே. ஆனால் அது இலையை ஊடுருவிப் பார்க்காது. மேலே இலைக்கூரை மூடியிருந்தால் அந்தக் கூரையின் சூடுதான் திரையில் தெரியும். பால்மரம் ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்க்கும் சில வாரங்களில் தரை வரைக்கும் பார்க்கலாம். வளர்ந்த செம்பனையில் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆண்டு முழுவதும் மறைத்துவிடும். காட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் நாட்டு வெயிலில் நண்பகலின்போது தரையும் பாறையும் உடம்பளவுக்குச் சூடாகிவிடுவதால், வெட்டவெளியிலேயே ஆளையும் கல்லையும் பிரித்தறிவது கடினம். இரவின் பிற்பகுதியில்தான் அந்தக் கேமரா நன்றாக வேலை செய்யும். மழையும் ஈரக்காற்றும் அதையும் மங்கச் செய்யும். பாலைவனத்தில் பெயர் வாங்கிய விமானங்கள் எல்லாம் மலாயாக் காட்டில் அதே பெயரை வாங்கியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. பத்து மாதமாக ஒரே பள்ளத்தாக்கைப் பார்த்துப் பழகிய விமானியின் கண்ணுக்கு ஈடாக எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மலேசியாவிடம் ஆளில்லா வேவு விமானங்கள் இருக்கின்றனவா?
– படிவம் 5 மாணவர்

பதில்: இருக்கின்றன, தம்பி. உள்நாட்டிலேயே உருவான அலுட்ரா என்ற விமானம் சபாவின் கிழக்குக் கரையோரக் கண்காணிப்பில் ஈடுபட்டது. 2013 பிப்ரவரியில் லஹாட் டத்துவின் தண்டுவோ கிராமத்தில் ஆயுதக் குழு ஊடுருவியதற்குப் பிறகு, அந்தக் கரையை வானிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதன் தேவை எல்லாருக்கும் விளங்கிற்று.

அரச மலேசியக் கடற்படைக்கு அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ் ஸ்கேன் ஈகிள் விமானங்கள் 2020 முதல் வரத் தொடங்கின. அதன் பிறப்பைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்: ஆழ்கடலில் சூரை மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று மீன்பிடிக் கப்பல்களுக்குக் காட்டுவதற்காக வடிவமைத்த விமானத்திலிருந்து வளர்ந்தது அது. இறக்கை 3.1 மீட்டர், 20 மணி நேரத்துக்கு மேல் பறக்கும், சக்கரம் கிடையாது. தொங்கவிட்ட ஒரு கயிற்றை நோக்கி நேராகப் பறந்துவரும். இறக்கை நுனியில் இருக்கும் கொக்கி அந்தக் கயிற்றைக் கவ்வ, விமானம் சுழன்று அப்படியே தொங்கிக்கொள்ளும். கப்பலின் மேல்தளத்தில் ஓடுபாதைக்கு இடம் ஏது?

ஆகாயப்படைக்காக மூன்று துருக்கிய அங்கா விமானங்களை வாங்க 2023ஆம் ஆண்டு லங்காவி கண்காட்சியில் ஒப்பந்தம் ஆயிற்று. அவற்றுக்குரிய தளம் லாபுவான்.

கேள்வி: எதிரி இவற்றைத் தடுக்கவே முடியாதா?
– மின்னியல் பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட்

பதில்: தடுக்கலாம், பல நேரங்களில் சுட்டு வீழ்த்துவதைவிடச் சுலபமாகவே. விமானத்துக்கும் இயக்குநருக்கும் நடுவே ஓடுவது வானொலி அலைதான். அதே அலைவரிசையில் வலுவான இரைச்சலை அனுப்பினால் தொடர்பு அறுந்துவிடும். ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பினால் விமானம் தான் இருக்கும் இடத்தைத் தவறாக எண்ணிக்கொள்ளும். அலையைக் குலைக்காமல் ஒட்டுக்கேட்பதும் உண்டு. பிரடேட்டர் அனுப்பும் காட்சியை வீரர்கள் தங்கள் கையில் உள்ள திரையிலேயே பார்ப்பதற்கு 2001க்குப் பின் ஒரு கருவி செய்தார்கள். தரைப்படைக்கு அது பெரிய வரம். ஆனால் காட்சியைப் பிறர் பார்க்க முடியாதபடி குறியாக்கம் செய்யாமலே அனுப்பியதால், ஈராக்கில் இருந்த போராளிகளும் 26 டாலருக்கு விற்ற ஒரு மென்பொருளைக் கொண்டு அதே காட்சியைத் தங்கள் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது 2009 டிசம்பரில் வெளியே வந்தது. நம்மவருக்கு விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்று திறந்துவைத்த வழியில் எதிரியும் நுழைந்துவிட்டான்.

உக்ரைன் போரில் இந்தப் போட்டி உச்சத்துக்குப் போயிருக்கிறது. ரஷ்யாவின் ஓர்லான்-10 பீரங்கிகளுக்கு இலக்கு காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றுகிறது. வீழ்த்தப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது கடையில் கிடைக்கும் கேனன் கேமரா. எதிர்ப்பக்கத்தில் உக்ரைனியர் கல்யாண வீட்டில் படமெடுக்கும் சின்ன டிரோன்களையே அகழிக்கு மேல் நிறுத்தி, பீரங்கிக் குண்டு விழும் இடத்தைத் திருத்துகிறார்கள். வானொலியைக் குலைப்பது இரு தரப்புக்கும் கைவந்த கலையாகிவிட்டதால், தாக்கும் டிரோன்கள் சில இப்போது கிலோமீட்டர் கணக்கில் நீளும் மெல்லிய கண்ணாடியிழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கின்றன. அந்த இழைக்குள் ஓடும் சமிக்ஞையை இரைச்சலால் கெடுக்க முடியாதல்லவா? உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும்.

கேள்வி: ஆளில்லா விமானம் நன்றாகப் பார்த்துச் சொல்வதால் அப்பாவிகள் சாவது குறையும் என்கிறார்களே, உண்மைதானா?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: குறையலாம் என்பதுதான் வாக்குறுதி. நடந்தவை அதை எப்போதும் காப்பாற்றவில்லை. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை நிற டொயோட்டா காரை அமெரிக்க ஆளில்லா விமானங்கள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பின்தொடர்ந்து பார்த்தன. ஓட்டியவர் தொண்டு நிறுவன ஊழியர். அவர் தண்ணீர்க் கலன்களை ஏற்றியது வெடிபொருள் ஏற்றியதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது ஏவுகணை வீசினார்கள். ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் அமெரிக்கா தவற்றை ஒப்புக்கொண்டது. எட்டு மணி நேரம் பார்த்தவர்களுக்குக் காட்சியில் குறை எதுவும் இல்லை. ஆனால் அவர் எதிரிதான் என்ற எண்ணம் முதலிலேயே மனத்தில் விழுந்துவிட்டதால், பிறகு கண்டதெல்லாம் அதற்குச் சான்றாகவே தெரிந்தது. 2010 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் உருஸ்கானிலும் இதே கதைதான்: பிரடேட்டர் குழுவினர் ஒரு வண்டித் தொடரைப் பகைவரின் அணி என்று சொல்ல, பொதுமக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நம் வாசகர்கள் பலரும் எழுதாமல் எழுதியிருக்கும் கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியின் வானில் ஆளில்லா வேவு விமானங்கள் பறந்தபடியே இருந்தன. மக்கள் திரண்டிருந்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் எறிகணைகள் விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கீழே இருப்பது யார் என்று தெரியாமல் சுட்டோம் என்று சொல்வதற்கான இடத்தை இந்த விமானங்கள் சுருக்கிவிட்டன என்பது மட்டும் உறுதி. சுடாமல் இருக்க வேண்டும் என்ற முடிவை அவை யாருக்கும் எடுத்துத் தருவதில்லை, அம்மா.

கேள்வி: யூடியூப் பார்த்து, ரேவன் போல இறக்கை வைத்த சிறு விமானம் ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். கேமரா வைத்துத் தோட்டத்துக்கு மேல் பறக்கவிடலாமா?
– தொழிற்பயிற்சி மாணவர்

பதில்: செய்து பாருங்கள், ஆனால் பறக்கவிடுமுன் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போகக் கூடாது. விமான நிலையத்தை அண்டிய வான்பகுதியிலும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. கூலிக்கு அளவெடுப்பது, கண்காணிப்பது, மருந்து தெளிப்பது போன்ற வேலையாக இருந்தால் தனி அனுமதி வாங்க வேண்டும். ராணுவ முகாம், நீர்த்தேக்கம் போன்றவை 1959ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டிருக்கலாம். அதை அறிவிக்கும் சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கமே திருப்பாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை பறக்கவிடும்போது இளம் கன்று நட்ட வெளியில் விடுவது நல்லது. வளர்ந்த செம்பனையின் உச்சியில் மாட்டிக்கொண்ட விமானத்தை இறக்க, அறுவடைக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.